கன்னிமார் கிணற்றுத் தீர்த்தம்

நல்லமங்கை மில்லின் பின்பக்கச் சுவருக்கும் குழந்தையம்மாளின் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் இடம். அந்தச் சந்தில் மூக்கைப் பொத்தாமல் நடந்தவர் எவரும் இல்லை. அழுகிய முட்டையையும் எரிந்த ரப்பரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் என்ன வாடை வருமோ அந்த வாடை. மில்லை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. முதலாளி குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. மெஷின்களைப் பழைய இரும்புக்காரர்கள் எடைபோட்டு அள்ளிப் போய்விட்டார்கள். போகமாட்டேன் என்று நின்றது இந்த நாற்றம் ஒன்றுதான்.

நூல் மில்லாக இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பனியன் துணிக்குச் சாயம் போட ஆரம்பித்தார்களே, அன்றைக்குப் பிடித்தது பீடை. சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று தொட்டி கட்டினார்கள். சரி, தொட்டியில் படிந்த சேற்றை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள்? எங்கேயும் போடவில்லை. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு மூலையில் கொட்டினார்கள். கொட்டிக் கொட்டி அது ஒரு சின்னக் குன்றுபோல, கரடாகவே வளர்ந்துவிட்டது. வெயில் காலத்தில் காய்ந்து ஊதாவும் பச்சையுமாகப் பொடி பறக்கும். மழை பெய்தால் கரைந்து நிலத்துக்குள் இறங்கும். குழந்தையம்மாள் வீட்டு போர்வெல் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மனுஷருக்குக் கேன் தண்ணீர், மாட்டுக்கு டேங்கர் தண்ணீர். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று தினமும் காலையில் அந்தச் சுவரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுத்தான் அவள் பால் கறக்க உட்காருவாள்.

அந்த மில் இடத்தில்தான் இப்போது ரயில் சரக்கு முனையம் வரப்போகிறது. மில்லை ஒட்டியே ரயில்பாதை. அந்தக் காலத்தில் பஞ்சுப் பொதி வந்து இறங்கிய தண்டவாளம் சீமைக் கருவேலத்துக்குள் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை மெயின் லைனோடு சேர்த்து, கட்டடத்தை இடித்து, மொத்த இடத்துக்கும் கான்கிரீட் போட்டுக் கண்டெய்னர் அடுக்கும் யார்டாக்குவது திட்டம். திருப்பூர் பனியன் இங்கே ரயில் ஏறினால் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய்த்தான் இறங்கும். ரோட்டில் லாரி குறையும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். குழந்தையம்மாளுக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ரயில் வரட்டும், மகராசனாக வரட்டும். அவளும் ஊர்க்காரர்களும் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தச் சாயச் சேற்றை முதலில் அள்ளிக்கொண்டு போய் அதற்கென்று இருக்கும் இடத்தில் கொட்டுங்கள், அப்புறம் கான்கிரீட் போடுங்கள். அவ்வளவுதான்.

முனையம் கட்டும் கம்பெனிக்கு அதுதான் கசந்தது. சேற்றை மெனக்கெட்டு அள்ளுவானேன்? அப்படியே பரப்பி, பழைய தொட்டிகளிலும் மில்லுக்குள் இருக்கும் கிணற்றிலும் தள்ளி, மேலே ரோலர் ஓட்டி, கான்கிரீட் ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கம்பெனியின் மேனேஜர் மனோஜ்குமார் ஊர்க்கூட்டத்தில் இதையே வேறு மாதிரி, தேன் தடவிச் சொன்னார்.

“மேல கான்கிரீட் வந்துட்டா எல்லாமே சீல் ஆயிருங்க. ஒரு சொட்டுகூட வெளிய வராது. தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் பயப்பட வேண்டாங்க” என்றார். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தார். பெஞ்சில் ஊர்க்காரர்கள் வைத்த ஊர்த் தண்ணீர்ச் சொம்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் விடவில்லை. “மேல மூடி போட்டுப்போட்டா அடியில இருக்கறது எங்கீங்க போவும்? எங்க ஊட்டு போருக்குத்தானுங்க வரும்? எங்களக் கேனயன்னு நெனச்சுப்போட்டீங்களா?”

கூட்டம் சூடானது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள், மேனேஜர் மழுப்பினார். அப்போது எழுந்தான் கதிர்வேல், குழந்தையம்மாளின் தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. இப்போது டிப்பர் லாரிகளும் மண் அள்ளும் ஹிட்டாச்சியும் வைத்திருக்கிறான். மண் வேலை காண்ட்ராக்ட் அவன் கையில்தான் என்பது ஊருக்கே தெரியும். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் கும்பிடு போட்டான்.

“ஏனுங்க, நாம எதுக்குங்க அடிச்சுக்கோணும்? கம்பெனியும் வேண்டாம், நாமளும் வேண்டாம். மில்லுக்குள்ள நம்ம கன்னிமார் இருக்கறாங்கல்ல? அவங்ககிட்டயே பூக் கேட்டுப்போடலாம். ஆத்தா என்ன சொல்றாளோ அதுக்கு எல்லாரும் ஒட்டுக்காக் கட்டுப்படுவோம்” என்றான்.

ஊரே குளிர்ந்துபோனது. குழந்தையம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. எத்தனை சம்பாதித்தாலும் என் தம்பி சாமியை மறக்கவில்லை பார் என்று பூரித்தாள்.

அந்த ஊரில் பெண் பார்க்கப் போனாலும் கிணறு வெட்டினாலும் கன்னிமாரிடம் பூக் கேட்காமல் எதுவும் நடக்காது. மில் காம்பவுண்டுக்குள், கிணற்று மேட்டில், வேப்பமரத்தடியில் ஏழு கல். மில் கட்டுவதற்கு முன்பிருந்தே இருக்கும் கற்கள். வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம், இரண்டையும் பூவரச இலையில் வைத்து வாழைநாரில் கட்டி, கல்லுக்கு முன்னால் போட்டுக் கும்பிடுவார்கள். வயசுக்கு வராத பெண்குழந்தை ஒன்று வந்து ஒரு பொட்டணத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் விட்டுவிட வேண்டும். கடைசியில் பூக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அந்தக் கிணற்றுத் தீர்த்தத்தை வாங்கிக் குடித்தால்தான் உத்தரவு முடிந்ததாகக் கணக்கு.

வெள்ளை வந்தால் இடம் இருக்கிறபடியே வேலையைத் தொடங்கலாம். சிவப்பு வந்தால் சேற்றை அள்ளின பிறகுதான். இப்படிப் பேசி முடித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் பேப்பரை நம்பாத ஊர், மேனேஜரின் டெஸ்ட்டை நம்பாத ஊர், பூ என்றதும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டியது. ஆட்டியவர்களில் குழந்தையம்மாளும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கிணற்று மேட்டில் கூடினார்கள். கதிர்வேலின் ஹிட்டாச்சி மாலை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றது. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டே வைத்திருந்தான். உத்தரவு கேட்க வந்த இடத்தில் இத்தனை அவசரம் எதற்கு என்று குழந்தையம்மாளுக்கு ஒரு நொடி பட்டது. சின்னவனுக்கு எப்பவுமே பறப்புத்தான் என்று விட்டுவிட்டாள்.

பூசாரி கருப்புசாமி ஏழு கல்லுக்கும் அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். எதில் என்கிறீர்கள்? கேன் தண்ணீரில். காந்திபுரத்தில் லாட்ஜுக்குப் போடுகிற அதே நீலக் கேன். கிணற்று மேட்டிலேயே கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, கன்னிமார் தலையில் காசுக்கு வாங்கிய தண்ணீரை ஊற்றுகிறார். பல வருஷமாக இதுதான் நடக்கிறது. கல்லில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் கல் கறுத்துப்போகிறதாம். சாமிக்கே ஆகாத தண்ணீர் மனுஷரை ஒன்றும் செய்யாது என்று சொல்லத்தான் இத்தனை பேரும் வந்து நிற்கிறார்கள்.

பொட்டணங்களை எப்போதும் கோயிலில் எல்லோர் கண்ணெதிரிலும்தான் கட்டுவார்கள். அன்று கதிர்வேல் கட்டியே எடுத்து வந்திருந்தான்.

“நேரமாயிப்போச்சுங்க, ராகுகாலம் வந்துரும். அதான் ஊட்டுலயே கட்டிப்போட்டனுங்க” என்றான் பூசாரியிடம். பூசாரி தலையாட்டினார். அவர் தோளில் புதுத் துண்டு கிடந்தது.

பொட்டணத்தை எடுக்கக் கதிர்வேலின் மகள் கனிஷ்கா வந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தான்தான் இன்றைக்குச் சாமி என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆத்தா, எங்களக் கைவிட்டறாத தாயே, அந்தக் கருமத்த இங்கிருந்து அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லு என்று வேண்டினாள். கண்ணைத் திறந்தபோது கனிஷ்கா கையில் ஒரு பொட்டணம் இருந்தது. பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

“உத்தரவு ஆயிப்போச்சு!” என்று கதிர்வேல் கை தட்டினான். மேனேஜர் எதற்குக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே கும்பிட்டார். ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆத்தாளே சொன்ன பிறகு என்ன பேச? கருப்பாத்தாள் மட்டும் முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, “நம்ம தலையெழுத்து அம்மணி” என்றாள்.

வெள்ளிதோறும் விளக்குப் போடுகிறவள் குழந்தையம்மாள் என்பதால் மற்றொரு பொட்டணத்தைக் கிணற்றில் விடுவது அவள் வேலை. பூசாரி பொட்டணத்தையும் காலியான தீர்த்தச் சொம்பையும் அவளிடம் கொடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“பொட்டணத்த உட்டுப்போட்டு வரும்போது, மரத்தடியில கேன் இருக்குது அம்மணி. தீர்த்தத்துக்கு அதுல புடிச்சுக்க.”

அவள் மட்டும் கிணற்றடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். கறுப்பு என்றும் சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. மேலே எண்ணெய் படர்ந்து பல நிறத்தில் மினுக்கியது. ஓரத்தில் அழுக்கு நுரை ஒதுங்கியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பொட்டணத்தை விட்டாள்.

பொட்டணம் நேராகத் தண்ணீரில் விழவில்லை. கிணற்றின் உட்சுவரில் நீட்டியிருந்த படிக்கல்லில் மோதியது. அவசரத்தில் கட்டிய முடிச்சு அவிழ்ந்தது. இலை ஒருபக்கம் போக, பூக்கள் கொட்டி அந்தக் கறுத்த தண்ணீரில் மிதந்தன.

வெள்ளரளி. அத்தனையும் வெள்ளரளி.

குழந்தையம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கண்தான் மங்கிவிட்டதோ என்று மறுபடி பார்த்தாள். வெள்ளைதான். ஒரு சிவப்பு இதழ் இல்லை. அட பாவி. அட படுபாவி. மண்ணில் விளையாடினாய், தண்ணீரில் விளையாடினாய், கடைசியில் ஆத்தா வாயிலும் கையை விட்டுவிட்டாயே. அதுவும் எதை வைத்து? பெற்ற மகளின் பிஞ்சுக் கையை வைத்து. அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது அருவருப்பு. சோற்றில் பல்லி கிடந்ததைப் பாதி தின்ற பிறகு பார்த்த மாதிரி உடம்பெல்லாம் கூசியது. இவனுக்கா மூக்குச் சிந்திவிட்டேன், இவனுக்கா சோறு ஊட்டினேன் என்று தன் கையையே சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கூவி ஊரைக் கூட்டலாம். கூட்டினால் என்ன ஆகும்? தெரியாமல் நடந்துபோச்சுங்க என்று பல்லைக் காட்டுவான். பூசாரி பரிகாரம் சொல்வார். சமாதானம் பேசிக் கலைந்துவிடுவார்கள். அவள் கூவவில்லை. மில் வாட்ச்மேன் வாசல் தெளிக்க வைத்திருந்த தகர வாளி உருளையில் தொங்கியது. அதை இறக்கினாள். நிறைய மொண்டு மேலே இழுத்தாள். சொம்பு நிறைய ஊற்றிக்கொண்டு, கேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தாள்.

பத்தடி வரும்போதே பூசாரிக்கு வாடை எட்டிவிட்டது. அவர் முகம் வெளிறியது. துளசியைச் சொம்பில் போடத் தூக்கிய கை அப்படியே நின்றது.

“மொதல்ல விருந்தாளிக்குக் குடுக்கோணும்” என்று குழந்தையம்மாள் நேராக மேனேஜரிடம் போனாள். “கையை நீட்டுங்க சார். கன்னிமார் தீர்த்தம்.”

மனோஜ்குமார் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். மூக்கு என்று ஒன்று இருக்கிறதே, நீட்டிய கை தானாகப் பின்னால் போனது. “எனக்கு... தொண்டை சரியில்லைங்க மேடம். டாக்டர் வேண்டாம்னிருக்காரு.”

“செரிங்க. நீங்க வாங்க சாமி.”

பூசாரி ஓரடி பின்னால் நகர்ந்தார். “வயசாயிப்போச்சு அம்மணி. வவுத்துக்கு ஒத்துக்காது.”

தூ. டெஸ்ட் பண்ணியாச்சு என்றவருக்குத் தொண்டை சரியில்லை. ஆத்தா உத்தரவு என்றவருக்கு வயிறு சரியில்லை. ஊர்க்காரர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள், ஆனால் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. கதிர்வேல் அருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

“ஏனுங்கக்கா, கேன் தண்ணியத்தானுங்க புடிக்கச் சொன்னது? இதையேன் கொண்டாந்தீங்க?”

“கன்னிமார் கெணத்துத் தண்ணிதானடா தீர்த்தம்? கேன் தண்ணி என்னைக்குத் தீர்த்தமாச்சு? நீயே குடி. நீதான உத்தரவுன்னு கை தட்டுனவன்?” அவள் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நடுவில் ஒரு சின்னக் கை வந்தது. கனிஷ்கா. சாமி கும்பிட்டால் தீர்த்தம் வாங்கிக் குடிக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இடது கைமேல் வலது கையைக் குழித்து, சமத்தாக, அத்தையைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

“குடிக்காத கண்ணு!” என்று அலறினான் கதிர்வேல். “ஏய், தொடாத! அது வெசம்!” பாய்ந்து மகளின் கையைத் தட்டிவிட்டான். சொம்பும் ஆடி, தண்ணீர் அவன் மணிக்கட்டிலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. சட்டையில் ஊதாவாக இறங்கியது.

டிரைவருக்கு என்ன தோன்றியதோ, ஹிட்டாச்சி இன்ஜினை நிறுத்திவிட்டான்.

“நான் சொம்பச் சாய்க்கவே இல்லீடா” என்றாள் குழந்தையம்மாள். “பச்சப் புள்ள கையில இந்தக் கருமத்த ஊத்துவனா நானு? உம்புள்ளன்னதும் வெசம்னு உனக்குத் தெரியுது. எங்க புள்ளைக என்ன, தவுட்டுக்கு வாங்குனதுகளா? எங்க மாடு கன்னு, எங்க போரு, எல்லாத்துக்கும் அடியில இத வெச்சுப் பொதைக்கறதுக்குத்தான நீ நாயா அலைஞ்ச?”

கனிஷ்காவுக்கு உதடு பிதுங்கியது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, அடி வாங்கிய கையைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

“அத்தே, நான் பொட்டணத்தத் தப்பா எடுத்துப்போட்டனா?”

குழந்தையம்மாள் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். “இல்ல அம்மணி. நீ எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். உங்கப்பன் ரெண்டுலயும் வெள்ளையே கட்டிப்போட்டான்.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கருப்பாத்தாளுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் விடுவிடுவென்று கிணற்றடிக்குப் போனாள். எட்டிப் பார்த்தாள். “அடி ஆத்தா!” என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்ட பிறகு ஊரே கிணற்றைச் சுற்றிக்கொண்டது. வெள்ளைப் பூக்கள் அதற்குள் ஓரமெல்லாம் ஊதாவாக ஊறத் தொடங்கியிருந்தன. ஆனாலும் சிவப்பு அல்ல என்று எந்தக் குருடனும் சொல்லிவிடுவான்.

மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கார்ப் பக்கம் நழுவினார். “இன்னொரு நாள் பாத்துக்கலாங்க, இன்னொரு டேட் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்” என்றார், யாரிடம் என்றில்லாமல். பூசாரி புதுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

“மறுக்காப் பூக் கேக்கறதெல்லாம் வேண்டாம்” என்றாள் குழந்தையம்மாள். பாதித் தண்ணீரோடு இருந்த சொம்பைக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். “ரயிலு வரட்டும், நாங்க வேண்டாங்கல. மொதல்ல அந்தச் சேத்த அள்ளுங்க. அள்ளாம ஆரம்பிக்கோணும்கறவிய இந்தச் சொம்பக் குடிச்சுப்போட்டு ஆரம்பிங்க.”

குடிக்க யாரும் வரவில்லை. ஆண்கள் சிலர் போய் ஹிட்டாச்சிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் இறங்கி வந்து, எலுமிச்சம்பழத்தைத் தானே எடுத்து ஓரமாக வைத்தான்.

குழந்தையம்மாள் கனிஷ்காவை மரத்தடிக்கு அழைத்துப்போனாள். கேனைச் சாய்த்து அந்தப் பிஞ்சுக் கைகளைக் கழுவினாள். ஒரு சொட்டும் படாத கைதான். ஆனாலும் அந்தப் பொட்டணத்தைத் தொட்ட கை அல்லவா? விரல் விரலாகத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பின்னால் கதிர்வேல் வந்து நின்றான். தண்ணீர் பட்ட மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. சொறிந்துகொண்டே கையை நீட்டினான்.

“எரியுதுங்கக்கா. எனக்கும் சித்த ஊத்துங்க.”

அவள் கேனை நிமிர்த்தி மூடியை இறுக்கினாள்.

“கெணத்துல நெறைய இருக்குது. எறைச்சுக் கழுவிக்க.”